மீனம்பாக்கத்து வாசல்கள்

தாம்பரத்திலிருந்து விமான நிலையம் போகிறவர்கள் எல்லோரும் டாக்ஸி பிடிப்பதில்லை. மின்சார ரயிலில் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் தாண்டித் திரிசூலத்தில் இறங்கி, சுரங்கப்பாதை வழியே ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்தால் எதிரே விமான நிலையம். பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடுகிற பயணம். ரயிலில் ஏறியபோது பயணியிடம் யாரும் பெயர் கேட்கவில்லை, பையைத் திறக்கச் சொல்லவில்லை. சாலையைத் தாண்டிய பிறகு நிலைமை வேறு. நுழைவாயிலில் டிக்கெட்டும் அடையாள அட்டையும் காட்ட வேண்டும். செக்-இன் கவுண்டரில் மறுபடியும் காட்ட வேண்டும். செக்யூரிட்டி செக்கில் பை ஒரு பக்கம், பெல்ட்டும் செல்போனும் டிரேயில், உடம்பு மெட்டல் டிடெக்டர் வழியே. போர்டிங் கேட்டில் இன்னொரு முறை அடையாள அட்டை. சில நாட்களில் விமானப் படிக்கட்டின் அடியிலும் ஒரு சோதனை உண்டு.

மதுரைக்கோ கோவைக்கோ விமானம் வானில் இருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம். அதற்கு முன் நிலையத்தில் செலவாகும் நேரம் அதைப்போல் இரண்டு மடங்கு. தாம்பரத்தில் நின்று செல்லும் தேஜஸ் ரயிலில் ஏறி மதுரைக்குப் போகிறவரோடு ஒப்பிட்டால், விமானப் பயணி மிச்சப்படுத்தும் நேரத்தில் பெரும்பங்கைச் சோதனை வரிசைதான் வாங்கிக்கொள்கிறது. இந்த வரிசைகள் எங்கிருந்து வந்தன, இவற்றுள் எது உயிரைக் காக்கிறது, எது வெறும் பழக்கத்தால் நிற்கிறது, யார் தோளில் இதன் பாரம் அதிகம் விழுகிறது என்பவை நிதானமாகக் கேட்க வேண்டிய கேள்விகள். இன்று விமானத்தில் ஏறுகிறவர் பழைய பயணி இல்லை. பெங்களூரிலோ ஐதராபாத்திலோ வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போகும் சேலையூர்ப் பெற்றோர், காசி யாத்திரைக்குக் குழுவாகக் கிளம்பும் பெரியவர்கள், ஒரகடம் தொழிற்சாலைகளிலிருந்து அசாமுக்கும் பீகாருக்கும் ஊர் திரும்பும் இளைஞர்கள் என்று முதல்முறை பறப்பவர்களால் வரிசை நிறைந்திருக்கிறது. விதிகள் மட்டும், எல்லாம் தெரிந்த ஒருவர் வருவார் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை.

இந்தப் பகுதிக்கும் விமானத்துக்கும் உள்ள உறவு பழையது. 1910-இலேயே மெட்ராஸில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி ஆஞ்சலிஸ் பல்லாவரத்தில் தம் விமானத்தைப் பறக்கவிட்டுக் காட்டினார். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குக் கொண்டுவந்த தபால் விமானத்தை அங்கிருந்து மெட்ராஸ்வரை ஓட்டிவந்தார் நெவில் வின்சென்ட். அதன் பிறகு பல பத்தாண்டுகள் வரை விமானத்தில் ஏறுவது பெரும்பாலும் வசதியானவர்களின் காரியமாகவே இருந்தது. அவர்களின் பையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

1971 ஜனவரி 30 அன்று ஸ்ரீநகரிலிருந்து ஜம்முவுக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸின் ‘கங்கா’ விமானம் லாகூருக்குக் கடத்தப்பட்டு அங்கே எரிக்கப்பட்டது. 1976 செப்டம்பர் 10 அன்று இன்னொரு விமானம் லாகூருக்குப் போனது. இந்த இரண்டாவது கடத்தலை ஆராய்ந்த பாண்டே குழுவின் பரிந்துரையால்தான் சிவில் விமானப் பாதுகாப்புப் பிரிவு 1978-இல் உருவானது. முதலில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்குள் ஒரு சிறு பிரிவாக இருந்த அது, 1987 ஏப்ரல் 1 முதல் தனித் துறையானது. பையில் எதை வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்று இன்று நமக்குச் சொல்வது அந்தத் துறைதான்.

ஆனால் தென்சென்னைக்காரர்களுக்கு இந்த வரலாற்றின் முக்கியமான இரவு லாகூரிலோ காந்தஹாரிலோ நடந்ததில்லை. அது மீனம்பாக்கத்தில் நடந்தது.

1984 ஆகஸ்ட் 2. ஏர் லங்காவின் கொழும்பு விமானத்துக்கென்று இரண்டு பெட்டிகள் ஒப்படைக்கப்பட்டிருந்தன. ஒப்படைத்த பயணி விமானத்தில் ஏறவில்லை. பெட்டிகளும் விமானத்தில் ஏறாமல் நிலையத்திலேயே தங்கிவிட்டன. பெட்டிக்குள் குண்டு இருக்கிறது என்று தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. எச்சரிக்கை கேட்டவர்களுக்கும் கட்டடத்துக்குள் உட்கார்ந்திருந்த பயணிகளுக்கும் இடையே சில சுவர்கள்தான் இருந்தன. அந்தச் செய்தி உரிய வேகத்தில் சுவர்களைக் கடக்கவில்லை. இரவு பதினொரு மணியை நெருங்கும்போது குண்டு வெடித்தது. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இலங்கையைச் சேர்ந்தவர்கள். ‘தமிழீழ இராணுவம்’ என்ற சிறு குழு கொழும்பு விமான நிலையத்தில் வெடிப்பதற்காகத் தயாரித்த குண்டு, அந்தக் குழுவுக்கு இடம் கொடுத்திருந்த ஊரிலேயே வெடித்துவிட்டது.

இன்று அந்தப் பகுதியில் மீனம்பாக்கம் மெட்ரோ நிலையம் இருக்கிறது, ஆயிரக்கணக்கானோர் தினமும் கடந்து போகிறார்கள். அந்த இரவைப் பற்றிக் கேட்டால் இளையவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகப் படுகிறது. ஒரு விதி ஏன் இருக்கிறது என்று தெரியாதவனுக்கு அது வெறும் தொல்லை. தெரிந்தவன் அதே விதியை வேறு விதமாகப் பொறுத்துக்கொள்வான்.

பதினோரு மாதம் கூடக் கழியவில்லை. 1985 ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் ‘கனிஷ்கா’ அயர்லாந்துக் கடற்கரைக்கு அப்பால் நடுவானில் வெடித்து 329 பேரும் இறந்தார்கள். வான்கூவரில் ஒப்படைக்கப்பட்ட பெட்டி விமானத்துக்குள் இருந்தது. பெட்டியை ஒப்படைத்தவர் ஏறவில்லை. மீனம்பாக்கத்திலும் அட்லாண்டிக்கிலும் அடையாளம் ஒன்றே: பெட்டி இருக்கிறது, பெட்டிக்காரர் இல்லை. பயணி ஏறாவிட்டால் அவருடைய லக்கேஜும் பறக்கக்கூடாது என்ற விதி உலகெங்கும் உறுதிப்பட்டது இதற்குப் பிறகுதான். எண்பது, தொண்ணூறுகளில் பறந்தவர்களுக்கு நினைவிருக்கும்: விமானத்தின் அருகே வெயிலில் பெட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள், பயணி ஒவ்வொருவரும் போய்த் தம்முடையதைத் தொட்டுக் காட்டிய பிறகே அது உள்ளே ஏறும். இன்று அந்த வேலையைப் பெட்டியில் ஒட்டும் பார்கோடு செய்கிறது. செக்-இன் செய்துவிட்டு ஒருவர் கேட்டுக்கு வராமல்போனால், அவருடைய பெட்டியைத் தேடி இறக்கும்வரை விமானம் காத்திருக்கிறது. உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள். அந்த அரைமணி நேரம் வீண் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். சோதனைகளிலேயே மிக அவசியமானது எது என்று கேட்டால் இதையே முதலில் வைப்பேன்.

1993-இல் கடத்தல்கள் திரும்பவும் வந்தன. மார்ச் 27 அன்று டெல்லியிலிருந்து மெட்ராஸுக்குக் கிளம்பிய இந்தியன் ஏர்லைன்ஸ் விமானத்தை, வெடிபொருள் வைத்திருப்பதாக மிரட்டிய ஒருவர் கடத்த, அது அமிர்தசரசில் இறங்கியது. அடுத்த மாதமே ஸ்ரீநகருக்குப் புறப்பட்ட ஒரு விமானம் அதே அமிர்தசரசில் நிறுத்தப்பட்டது. பிறகு 1999 டிசம்பர் 24. காத்மண்டுவிலிருந்து டெல்லிக்கு வந்துகொண்டிருந்த ஐ.சி. 814 அமிர்தசரஸ், லாகூர், துபாய் வழியாகக் காந்தஹாருக்குக் கொண்டுபோகப்பட்டது. ஒரு பயணி கொல்லப்பட்டார். சிறையிலிருந்த மூவரை விடுவித்த பிறகே, ஆண்டின் கடைசி நாளில், விமானத்தில் மீதமிருந்தவர்கள் வீடு திரும்பினார்கள்.

அந்தக் கடத்தல்காரர்கள் ஆயுதத்தோடு ஏறியது நேபாளத்தில். ஆனால் மாறியது இந்தியாவின் உள்நாட்டு வாசல்கள். அதுவரை விமான நிலையச் சோதனையில் நின்றது அந்தந்த மாநிலக் காவல்துறை. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, விமான நிலையங்கள் ஒவ்வொன்றாக மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையின் கைக்குப் போயின. ஆலைகளைக் காக்க 1969-இல் உருவாக்கப்பட்ட படை அது. நாடு முழுவதும் ஒரே பயிற்சி, ஒரே முறை, ஒரே கட்டளைத் தொடர் வேண்டும் என்பது அதன் நியாயம். அதில் பெருமளவு உண்மை இருக்கிறது. உள்ளூர் அரசியல்வாதிக்கும் உள்ளூர்ப் பெரிய மனிதருக்கும் வழிவிட்டுப் பழகிய காவலர் ஒருவரைவிட, யாரையும் அறியாத காவலர் கண்டிப்பாகச் சோதிப்பார். கூடவே ஓர் இழப்பும் நேர்ந்தது. வாசலில் நின்றவர் தமிழ் பேசுவார் என்ற உறுதி போய்விட்டது. இதைப் பற்றிப் பிறகு பேசுவேன்.

சோதனையின் படிகளைப் பார்ப்போம். முதலாவது, நுழைவாயில். விமான டிக்கெட்டோ பார்வையாளர் அனுமதிச் சீட்டோ இல்லாதவர் கட்டடத்துக்குள்ளேயே வர முடியாத ஏற்பாடு உலகின் பல நாடுகளில் இல்லை. அங்கெல்லாம் வழியனுப்ப வந்தவர்கள் செக்யூரிட்டி வாசல் வரை கூடவே நடந்து போகலாம். இங்கே பெரும்பாலும் கண்ணாடிக் கதவோடு உறவு முடிந்துவிடுகிறது. சென்னையில் ஒருவரை வழியனுப்ப வேன் பிடித்துக் குடும்பமே வருகிற வழக்கம் இன்னும் இருக்கிறது, அந்த வழக்கத்தில் நான் எந்தக் குற்றமும் காணவில்லை. ஆனால் முதல்முறை பறக்கும் எழுபது வயதுக்காரருக்கு, துணை தேவைப்படும் கட்டம் அந்தக் கதவைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது. கவுண்டர் எது, போர்டிங் பாஸ் எங்கே வாங்குவது, எந்த கேட், கேட் மாறிவிட்டால் யார் சொல்வார்கள்? பல விமான நிலையங்கள் ‘அமைதி நிலையம்’ என்று பெயர் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கி அறிவிப்பைக் குறைத்துவிட்டன. திரையைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது நிம்மதி. காதால் கேட்டே பேருந்து பிடித்துப் பழகியவர்களுக்கு அது திக்குத் தெரியாத காடு.

இந்த வாசலில் தமிழர்களுக்கென்றே ஒரு சிக்கல் காத்திருக்கிறது: பெயர். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தந்தையின் முதலெழுத்து உண்டு. டிக்கெட் பதிவில் முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் விட முடியாது. ஒருவர் தந்தையின் முழுப் பெயரை அங்கே போடுகிறார். இன்னொருவர் தம் பெயரையே இரண்டு முறை எழுதுகிறார். ஆதாரில் முதலெழுத்து முன்னால், வாக்காளர் அட்டையில் பின்னால், பான் அட்டையில் தந்தையின் முழுப்பெயரோடு. டிக்கெட்டையும் அட்டையையும் மாறிமாறிப் பார்க்கும் காவலர் வேறு மாநிலத்தவராக இருந்தால், இரண்டும் ஒரே ஆள் என்பது அவருக்கு உடனே புலப்படுவதில்லை. தமிழ்நாட்டில் பிறந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லாத விஷயத்தை, பின்னால் நீண்ட வரிசை நெருக்க, தெரியாத மொழியில் விளக்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அனுமதித்துவிடுகிறார்கள். ஆனால் அந்த இரண்டு நிமிடத்தில் ஒரு முதியவரின் முகம் எப்படி மாறிப்போகிறது என்று பார்த்திருக்கிறேன்.

முகத்தையே போர்டிங் பாஸாக்கும் டிஜியாத்ரா 2022 டிசம்பர் 1 அன்று டெல்லி, பெங்களூரு, வாரணாசியில் தொடங்கிப் பிறகு சென்னைக்கும் வந்தது. ஸ்மார்ட்போனும் ஆதாரும் கைவசம் உள்ளவர் ஐந்து நொடியில் உள்ளே போய்விடுகிறார். விருப்பமுள்ளவர்கள் மட்டும் சேரலாம் என்பதுதான் விதி. முகத் தரவைத் தர மனமில்லாதவரும் போனைக் கையாளத் தெரியாதவரும் நிற்கிற வரிசை அதனால் மெதுவாகிவிடக்கூடாது என்பதில் நிலையத்தார் கவனமாக இருக்க வேண்டும்.

மாறிய பழக்கங்களும் உண்டு. கைப்பையில் ஓர் அட்டையைக் கட்டி, அதில் காவலர் முத்திரை குத்திய பிறகே விமானத்தில் ஏற முடியும் என்ற முறை ஆண்டுக்கணக்கில் இருந்தது. முத்திரை விட்டுப்போய்ப் படிக்கட்டடியிலிருந்து திரும்ப ஓடியவர்கள் எத்தனையோ பேர். 2017 ஏப்ரலில் ஏழு நிலையங்களில் அதைக் கைவிட்டார்கள், அதே ஆண்டில் சென்னையிலும் அது நின்றது. கேமராக்கள் வந்துவிட்ட பிறகு முத்திரைக்கு வேலையில்லை என்று துணிந்து முடிவெடுத்தவர்களைப் பாராட்ட வேண்டும். ஒரு கடத்தலுக்குப் பின் ஒரு விதி சேர்வது எளிது. பயன் முடிந்துபோன விதியை எடுப்பதற்குத்தான் பொறுப்பேற்க ஆள் தேவை.

இனி பைக்குள் என்ன என்பது. குடியரசு தினமும் சுதந்திர தினமும் நெருங்கும்போது, சென்னை விமான நிலையத்தில் ஏழடுக்குப் பாதுகாப்பு என்ற செய்தி தமிழ் நாளிதழ்களில் தவறாமல் வருகிறது. பார்வையாளர் அனுமதிச் சீட்டு நிறுத்தப்படும், மோப்ப நாய்கள் வரும், விமானத்தில் ஏறுமிடத்தில் மறுபடி ஒரு சோதனை நடக்கும். ஊறுகாய், அல்வா, ஜாம், எண்ணெய் பாட்டில் கொண்டுபோகத் தடை என்ற வரியும் அந்தச் செய்தியில் இருக்கும். பாதுகாப்பு விதி நம் சமையற்கட்டைத் தொடுவது அந்த ஒரு வரியில்தான். வெளிநாட்டுப் பயணத்தில் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்பதற்கு 2006 ஆகஸ்டில் லண்டனில் வெளிப்பட்ட சதி காரணம்: பானப் பாட்டில்களில் திரவ வெடிபொருளை நிரப்பி அமெரிக்கா செல்லும் விமானங்களைத் தகர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். உள்நாட்டுப் பயணத்தில் தண்ணீர் பாட்டிலை வழக்கமாகத் தடுப்பதில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் உள்நாட்டுப் பயணி நல்ல தண்ணீரைக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிட்டு, உள்ளே போய் அதையே பல மடங்கு விலைக்கு வாங்குகிறார்.

பவர் பேங்க் விதி நேர்மாறானது. அது கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கவே கூடாது. லித்தியம் மின்கலம் தீப்பிடித்தால் பயணிகள் பகுதியில் ஒருவர் கண்ணில் படும், அணைக்கலாம். சரக்கறையில் பற்றிக்கொண்டால் யாருக்கும் தெரியாது. இந்தக் காரணத்தை ஒரே வாக்கியத்தில் தமிழில் எழுதி ஒட்டினால், பெட்டியை ஸ்கேனரிலிருந்து திரும்ப அழைத்துத் திறக்கச் சொல்லும் வேலை பாதியாகக் குறையும் என்று நம்புகிறேன்.

தேங்காய் விஷயம் இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. கொப்பரையில் எண்ணெய் அதிகம், எளிதில் பற்றிக்கொள்ளும் என்பதால் தேங்காய் கைப்பையில் கூடாது. ஆனால் சபரிமலைக்கு இருமுடி கட்டியவர் அதைத் தலையை விட்டு எங்கே இறக்குவார்? நெய் நிறைத்த தேங்காய் அவருடைய விரதத்தின் உயிர். முறையீடுகளுக்குப் பிறகு, எக்ஸ்-ரேயும் வெடிபொருள் சோதனையும் கையால் தடவிப் பார்ப்பதும் முடிந்தால் இருமுடித் தேங்காயைக் கைப்பையில் கொண்டுபோகலாம் என்று மண்டல, மகரவிளக்குக் காலத்துக்கு மட்டும் அனுமதி தரத் தொடங்கினார்கள். 2022-இல் அப்படி ஓர் அனுமதி வந்தது, 2024 அக்டோபரில் அறிவித்த அனுமதி 2025 ஜனவரி 20 வரை நீடித்தது. பாதுகாப்பும் குறையவில்லை, பக்தரும் புண்படவில்லை. கேட்டவர்களின் காரணத்தை ஒருவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார், அவ்வளவுதான் நடந்தது.

பொருளிலிருந்து உடம்புக்கு வந்தால் விஷயம் கனக்கிறது. சுதா சந்திரனைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 1981-இல் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்துக்குப் பின் காலை இழந்து, செயற்கைக் காலோடு பரதநாட்டியம் ஆடி, ‘மயூரி’யில் தம் கதையைத் தாமே நடித்தவர். 2021 அக்டோபரில், ஒவ்வொரு பயணத்திலும் பாதுகாப்புச் சோதனையில் அந்தக் காலைக் கழற்றச் சொல்கிறார்கள் என்று பிரதமருக்கு வேண்டுகோளாக அவர் பேசிய காணொளி நாடெங்கும் பரவியது. வெடிபொருள் தடயக் கருவியால் சோதிக்கலாம், மூத்த குடிமக்களுக்குத் தருவதுபோல் ஓர் அட்டை தாருங்கள் என்று கேட்டார். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஜீஜா கோஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம், செயற்கை உறுப்பைக் கழற்றச் சொல்லி மனித கண்ணியத்தைக் குலைக்கக்கூடாது, மாற்றுத்திறனாளியை அவர் சம்மதம் இன்றித் தூக்கக்கூடாது என்று சொன்னது. ஜீஜா கோஷ் 2012-இல் விமானத்திலிருந்து இறக்கிவிடப்பட்டவர். 2016-இல் அவருக்கு 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர அதே நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. ஊரறிந்த கலைஞர் பேசினால் நாடு கேட்கிறது. பெருங்களத்தூரிலிருந்து முழங்கால் மாற்று அறுவைக்குப் பிறகு பறக்கும் ஓர் அம்மா, கருவி கத்தும்போது காலுக்குள் உலோகம் இருக்கிறது என்பதை யாரிடம், எந்த மொழியில் சொல்வார்?

பெண்களின் வரிசையையும் இங்கே சொல்ல வேண்டும். அவர்களைத் திரை மறைவில், பெண் காவலர் மட்டுமே சோதிக்கலாம் என்ற விதி நல்லது. மறைவிடங்களும் பெண் காவலர்களும் போதாததால் அவர்களின் வரிசை மட்டும் பல வேளைகளில் நகராமல் நிற்பது சரியில்லை. தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்ற பயத்தோடு வருகிற பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். வழக்கமான சோதனையில் அதைக் கழற்ற வேண்டியதில்லை. வேட்டிக்கு மேல் பச்சை பெல்ட் கட்டி வருகிற பெரியவருக்கு, பெல்ட்டைக் கழற்றி டிரேயில் போடு என்பது கோட்டு சூட்டுக்காரருக்குச் சொல்வதுபோல் இல்லை. அவர் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கி நிற்கிறார். ஒதுங்கி நின்று கட்டிக்கொள்ள ஓர் இடம் கொடுத்தால் போதும்.

மொழியைப் பற்றிப் பிறகு பேசுவேன் என்றேன். 2020 ஆகஸ்ட் 9 அன்று சென்னை விமான நிலையத்தில், தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசுங்கள், எனக்கு இந்தி தெரியாது என்று சொன்ன நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழியிடம், ஒரு காவலர் நீங்கள் இந்தியரா என்று கேட்டதாக அவரே வெளியிட்டார். படை விசாரணைக்கு உத்தரவிட்டது, குறிப்பிட்ட மொழியை வற்புறுத்துவது தங்கள் கொள்கை இல்லை என்றது. 2023 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவருக்கு, இந்தி எல்லோரும் அறிந்திருக்க வேண்டிய மொழி என்று பாடம் எடுக்கப்பட்டது. முதலமைச்சர் ஸ்டாலின் கண்டித்தார். இரண்டையும் மொழி உரிமைப் பிரச்சினையாகவே பேசினோம். அப்படிப் பேசியது சரி. அதைவிட அவசரமான ஒரு பக்கமும் அதற்கு உண்டு.

1984-இல் மீனம்பாக்கத்தில் குண்டைக் கண்டுபிடிக்கக் கருவி போதாமல் இருந்திருக்கலாம். ஆனால் செய்தி இருந்தது. தெரிந்த ஒருவர் சொன்னார், கேட்ட ஒருவர் இருந்தார், இடையில் அது செயலாக மாறவில்லை. விமான நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும் பையை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் பயணியோ துப்புரவுப் பணியாளரோதான். அனகாபுத்தூரிலிருந்தும் பம்மலிலிருந்தும் வேலைக்கு வரும் அந்தப் பணியாளர்களின் மொழி தமிழ். பக்கத்து இருக்கையில் இருந்தவர் பையை விட்டுவிட்டுப் போய்விட்டார் என்று ஒரு பாட்டி காவலரிடம் சொன்னால் அது அவருக்குப் புரிய வேண்டும். புரியாவிட்டால் எத்தனை கோடி ரூபாய் ஸ்கேனர் இருந்தும் பயனில்லை. ஆகவே வாசலில் தமிழ் தெரிந்த ஒருவர் நிற்பதை மரியாதைக் கணக்கில் மட்டும் சேர்க்கக்கூடாது. அது மெட்டல் டிடெக்டரைப் போலவே பாதுகாப்புச் சாதனம். இதே அளவுகோல், வங்காளமோ ஒடியாவோ மட்டும் தெரிந்து சென்னையில் விமானம் ஏற வரும் தொழிலாளிக்கும் பொருந்தும்.

வழி பிறந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். மத்தியக் காவல் படைகளின் கான்ஸ்டபிள் தேர்வை ஆங்கிலம், இந்தி தவிரத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளில் எழுதலாம் என்று 2023 ஏப்ரலில் முடிவாகி, 2024 தொடக்கத்தில் நடந்த தேர்வில் அது நடைமுறைக்கு வந்தது. படையின் பயிற்சி மையம் ஒன்று அரக்கோணத்தை ஒட்டிய தக்கோலத்திலேயே இருக்கிறது. சோழ இளவரசன் இராஜாதித்தன் போரில் இறந்த ஊர் என்பதால் அவன் பெயரையே 2025-இல் அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். தமிழில் தேர்வெழுதித் தேறும் இளைஞர்கள் காஷ்மீருக்கும் போகட்டும், அது அவர்களின் கடமை. அவர்களில் ஒரு பகுதியினரைச் சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி வாசல்களுக்கும் அனுப்ப வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து வருபவருக்குத் தக்கோலத்திலேயே சில வாரத் தமிழ் கற்றுக்கொடுக்கலாம். “இந்தப் பையைத் திறங்க”, “கையைத் தூக்குங்க”, “உடம்புல ஏதாவது பிளேட் வெச்சிருக்காங்களா?” என்று நாற்பது வாக்கியம் தெரிந்தாலே வரிசையின் முகம் மாறும்.

பாதுகாப்பு விமான நிலையச் சுவரோடு முடிவதில்லை என்பது இங்கே வாழ்கிறவர்களுக்குத் தெரியும். 2018 போகியன்று காலைப் புகைமூட்டத்தில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. அதிலிருந்து ஒவ்வொரு மார்கழி முடிவிலும், டயரும் பிளாஸ்டிக்கும் எரிக்காதீர்கள் என்று பொழிச்சலூர், பம்மல், கவுல்பஜார் மக்களிடம் கேட்டுக்கொள்கிறார்கள். 2025-இல் பரங்கிமலைப் பக்கம் தரையிறங்கும் விமானங்கள் மீது லேசர் ஒளி பாய்ச்சப்பட்டது. வெளிச்சம் விமானியின் கண்ணில் பட்டால் தரையைத் தொடும் கடைசி நொடிகளில் அவருக்குப் பார்வை போய்விடும். கடத்தல்காரனின் கத்திக்குச் சற்றும் குறையாத ஆபத்து. 2024 அக்டோபரில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான விமானங்களுக்கு வந்த பொய் வெடிகுண்டு மிரட்டல்கள் சென்னை விமானங்களையும் விடவில்லை. பொய் என்று தெரிந்தே ஒவ்வொன்றையும் மெய் போலச் சோதிக்க வேண்டியிருப்பதால், உண்மையான எச்சரிக்கையின் மதிப்பு குறைந்துபோகிறது. மீனம்பாக்கத்தை நினைத்தால் இது எனக்கு மிகவும் கவலை தருகிறது.

கடைசியாகக் காசு. டிக்கெட்டின் விவரத்தைப் பிரித்துப் பார்த்தால் விமானப் பாதுகாப்புக் கட்டணம் என்று ஒரு வரி இருக்கும். முன்பு 130 ரூபாயாக இருந்தது 2019 ஜூலையில் 150 ஆகி, 2020 செப்டம்பரில் 160-ஐத் தொட்டு, 2021 ஏப்ரல் முதல் உள்நாட்டுப் பயணிக்கு 200 ரூபாய் ஆனது. வாசலில் நிற்கும் காவலரின் செலவு அதிலிருந்துதான் வருகிறது. பயணி இலவசமாகப் பெறும் சலுகை இது இல்லை, அவர் விலை கொடுத்து வாங்கும் சேவை. அந்த விலைக்குக் கேட்க வேண்டியவை அதிகமில்லை: சோதனை வரிசை ஒவ்வொன்றிலும் தமிழ் தெரிந்த ஒருவர், நெரிசல் நேரத்தில் பெண்களுக்குக் கூடுதல் மறைவிடம், செயற்கை உறுப்பும் உடலுக்குள் உலோகமும் உள்ளவர்களுக்குத் தனி அறையும் தடயக் கருவியும், எடுத்துப்போகக்கூடாதவற்றின் பட்டியல் காரணத்தோடு தமிழில் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்திலும் மெட்ரோ நிலையத்திலும் நுழைவாயிலுக்கு வெளியிலும். வாசலைத் தாண்டிய பின் தெரிந்தால் பொருள் குப்பைத்தொட்டிக்குப் போகும். வெளியிலேயே தெரிந்தால் வழியனுப்ப வந்த மகன் அதை வீட்டுக்கு எடுத்துப் போவான்.